குதிரை கொடுக்கிற 100 ரூபாய்

கோடியக்கரைக்குப் போகிற உங்கள் காரைக் காட்டுக்கு வெளியிலேயே நிறுத்தச் சொல்லப் போகிறேன். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு ஒரு குதிரை வண்டியில் ஏறி உட்காரச் சொல்லப் போகிறேன். கோபம் வரும். வரட்டும். "நிலாவுக்கு ராக்கெட் விட்டாச்சு, நீ இன்னும் ஜட்காவைக் கட்டிக்கிட்டு அழுவுறியே" என்று நண்பர் ஒருவர் ஏற்கெனவே கேட்டுவிட்டார். ராக்கெட் விட்ட தேசத்தில் ஒரு மானை நிம்மதியாகப் புல் மேய விடத் தெரியவில்லையே, அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன் என்றேன். காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

நான் நெரவிக்காரன். காரைக்காலை ஒட்டித் தெற்கே இருக்கிற ஊர். எங்கள் கொம்யூனில் வயல் உண்டு, வாய்க்கால் உண்டு, பூமிக்கடியிலிருந்து எண்ணெயும் வாயுவும் எடுக்கிற ஓ.என்.ஜி.சி. உண்டு. காடு கிடையாது. காடு பார்க்க வேண்டுமென்றால் பட்டினம், வாஞ்சூர், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் என்று கடலோரமாகவே தெற்கே போய், சோழ மண்டலக் கரை மேற்காகத் திரும்புகிற மூக்கு நுனியில் இறங்க வேண்டும். அதுதான் கோடியக்கரை. 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கெல்லாம் அது சொந்த ஊர் மாதிரி. வந்தியத்தேவன்கூட அங்கே குதிரையில்தான் வந்தான் என்பதை ஞாபகப்படுத்துகிறேன்.

சரணாலயம் என்று அறிவித்தது 1967-இல். வெளிமானுக்காக. 2002-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமென்று ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து நிற்கும். புள்ளிமான், காட்டுப்பன்றி, நரி உண்டு. அப்புறம் மட்டக் குதிரைகள். இவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், அது தனிக் கதை.

ஒன்றைக் கவனியுங்கள். அங்கே புலி கிடையாது, சிறுத்தை கிடையாது. நரி குட்டி மானைத் தூக்கும், பெரிய மானிடம் அதன் ஜம்பம் சாயாது. ஆக, வளர்ந்த வெளிமான் ஒன்றைப் பார்த்த மாத்திரத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட வைக்கிற பெரிய மிருகம் அந்தக் காட்டில் என்ன? நாலு சக்கரம், ரெண்டு விளக்கு, உள்ளே 'போடா போடா அந்தப் பக்கம் போடா' என்று கத்துகிற குடும்பம். சொந்தக் காரிலேயே உள்ளே போய்ச் சுற்றுகிற பழக்கம் நெடுநாளாக இருக்கிறது. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.சி. போட்டுக்கொண்டு போகிறோம். தூரத்தில் முறுக்குக் கொம்போடு ஒரு கருப்பு ஆண் மான் நிற்கிறது. கிட்டப் போகச் சொல்லி டிரைவரை விரட்டுகிறோம். மான் ஓடுகிறது. ஓடுகிற மானின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு, 'ஒண்ணுமே இல்லப்பா, வேஸ்ட்' என்று சொல்லிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு மீன் வறுவல் சாப்பிடப் போகிறோம். பறவைச் சத்தம் கேட்டதா? எப்படிக் கேட்கும், கண்ணாடி ஏற்றியிருக்கிறதே.

போகிற போக்கில் எங்கள் பிராந்தியத்தின் பங்கையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டைவிட விலை குறைச்சல் என்று வாஞ்சூர் எல்லையில் நின்று வாங்குகிற பாட்டில்கள் எங்கெல்லாம் போய்க் காலியாகின்றன என்பது ஊரறிந்த ரகசியம். கோடியக்கரை மணல் அதற்கு விதிவிலக்கு அல்ல. காருக்கு டிக்கி இருக்கிறதே, அதுதான் வசதி. குதிரை வண்டியில் டிக்கி கிடையாது.

காட்டுக்குள் காரை விடாமல் இந்தியாவில் எங்கேயாவது நடக்கிறதா என்று கேட்பீர்கள். நடக்கிறது. ராஜஸ்தானில் பரத்பூர். கேவலாதேவ் தேசியப் பூங்கா, சுமார் 29 சதுர கிலோமீட்டர், 1985 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். ஒரு காலத்தில் அது மகாராஜாவின் வாத்து வேட்டைக் களம். 1938 நவம்பரில் வைஸ்ராய் லின்லித்கோவும் பரிவாரமும் ஒரே நாளில் சுட்டுத் தள்ளிய பறவைகள் 4,273. நான் கூட்டிச் சொல்லவில்லை, கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் பிற்பாடு என்ன செய்தார்கள்? ஓர் எல்லைக்கு மேல் தனியார் கார் வரக்கூடாது என்றார்கள். நடந்து போ, சைக்கிளில் போ, சைக்கிள் ரிக்‌ஷாவில் போ, இல்லையென்றால் டோங்காவில் போ. டோங்கா என்றால் நம்ம ஜட்காவின் வடக்கத்திப் பங்காளி. இப்போது பேட்டரி வண்டியும் வந்துவிட்டது.

இதில் எனக்குப் பிடித்தது வண்டியைவிட வண்டிக்காரர்தான். பரத்பூர் ரிக்‌ஷாக்காரர்களுக்கு வனத்துறை பறவைகளைப் பற்றிப் பயிற்சி கொடுத்தது. பள்ளிக்கூடப் படிப்பை முடிக்காத மனிதர், ரிக்‌ஷாவை நிறுத்தி, கிளையைக் காட்டி, வந்திருக்கிற வெள்ளைக்காரரிடம் பறவையின் இங்கிலீஷ் பெயரைச் சொல்கிறார். ஆந்தை எந்தப் பொந்தில் தூங்குகிறது என்பது அவருக்குத் தெரியும். ஆந்தை அங்கே இருக்கிற வரைக்கும்தான் தன் வீட்டில் அடுப்பு எரியும் என்பதும் தெரியும். உங்கள் கார் டிரைவருக்கு ஆந்தையால் ஏதாவது லாபமா?

பரத்பூரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடவும் நான் தயாரில்லை. அதே பூங்காவில் 1982-இல் திடீரென்று மேய்ச்சலுக்குத் தடை போட்டார்கள். சுற்றுக் கிராமத்து எருமைகள் உள்ளே வரக்கூடாது. கலவரம், போலீஸ் துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. எருமையும் போச்சு, ஆளும் போச்சு. அப்புறம் பார்த்தால், மேய ஆளில்லாமல் புல் மண்டி நீர்ப்பரப்பை அடைத்துக்கொண்டது. தண்ணீர்ப் பறவைகளுக்கு அதனால் கெடுதல்தான் என்று பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பத்து வருஷம் ஆராய்ந்து சொன்னது. காட்டின் ஓரத்தில் இருக்கிறவனை வெளியே தள்ளிவிட்டுக் காட்டைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பினால் இதுதான் கதி. அதனால்தான் வண்டிக்காரர் கோடியக்கரைக்காரராகவே இருக்க வேண்டும் என்கிறேன். சென்னையிலிருந்து டெண்டர் எடுத்து வருகிற கம்பெனி வேண்டாம்.

கார் கிடக்கட்டும், கூடவே நாலு குதிரை வண்டியும் ஓடட்டுமே, யார் வேண்டாம் என்றார்கள், இஷ்டப்பட்டவர் ஏறிக்கொள்ளட்டும் என்று ஒரு சமரசத் திட்டம் உங்கள் மனசில் ஓடுகிறது, இல்லையா? அமெரிக்காவில் அதைச் செய்து பார்த்துவிட்டார்கள். உலகத்தின் முதல் தேசியப் பூங்காவான யெல்லோஸ்டோனில் ஜனங்கள் குதிரைக் கோச்சுகளில்தான் சுற்றிப் பார்த்தார்கள். 1915 ஆகஸ்டில் காரை உள்ளே விட்டார்கள். ஒரே ரோட்டில் கார், குதிரை. சத்தத்துக்குக் குதிரை மிரண்டது. இத்தனை மணிக்குக் கார், இத்தனை மணிக்குக் கோச்சு என்று அட்டவணை போட்டார்கள். 1917-இல் கோச்சுகளைத் தூக்கிவிட்டு பஸ் விட்டாயிற்று. ரெண்டு வருஷம்கூட முழுசாகத் தாக்குப்பிடிக்கவில்லை.

அதே அமெரிக்காவில் மேக்கினா என்று ஒரு தீவு இருக்கிறது, மிஷிகன் மாநிலத்தில். யெல்லோஸ்டோனுக்கு அடுத்து ரெண்டாவதாக அறிவித்த தேசியப் பூங்கா அதுதான். பிற்பாடு மாநிலப் பூங்காவாகிவிட்டது. அங்கே 1898-இல் 'குதிரையில்லா வண்டிகள்' எங்கள் குதிரைகளை மிரட்டுகின்றன என்று சொல்லித் தடை போட்டார்கள். அந்தத் தடை இன்றைக்கும் இருக்கிறது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு மாதிரி அவசர வண்டிகள் தவிர மற்றதெல்லாம் குதிரை, சைக்கிள், நடை. ஜனங்கள் காசு கொடுத்துக் கப்பலேறிப் போகிறார்கள்.

இன்னொன்றைச் சொன்னால் நெரவிக்காரனான எனக்கே கொஞ்சம் உறைக்கிறது. மெய்ன் மாநிலத்து அகேடியா தேசியப் பூங்காவில் குதிரை வண்டிக்கென்றே கல் பாலங்களோடு போட்ட பாதைகள் இருக்கின்றன, பூங்காவுக்குள் மட்டும் 45 மைல். இன்றைக்கும் கார் ஏறக் கூடாது. 1913-இல் ஆரம்பித்து 1940 வரை பணத்தைக் கொட்டி அதைப் போட்டவர் யார் தெரியுமா? ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர். ஸ்டாண்டர்டு ஆயில் ராக்ஃபெல்லரின் பிள்ளை. உலகத்துக்கே பெட்ரோல் விற்ற வீட்டுப் பையன், தனக்குப் பிடித்த காட்டில் பெட்ரோல் வண்டியை ஏறவிடவில்லை.

சரி, குதிரைக்கு வருவோம். 'வாயில்லா ஜீவனைப் போட்டுச் சித்திரவதை பண்ணச் சொல்றீங்களா சார்?' என்று கேட்கிறவர்களின் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. மும்பையின் விக்டோரியா வண்டிகள் சட்டவிரோதம் என்று பம்பாய் உயர்நீதிமன்றம் 2015-இல் தீர்ப்புச் சொன்னது. சரியான தீர்ப்பு. தார் ரோட்டில், பஸ் புகையில், லைசென்ஸ் இல்லாத சந்துக் கொட்டடியில் கட்டிப்போட்ட குதிரை. மெரினாவில் சவாரி விடுகிற குதிரைகளின் விலா எலும்பை நீங்களும் எண்ணியிருப்பீர்கள். அந்த மாதிரித்தான் நடக்குமென்றால் கோடியக்கரைக்குக் குதிரை வண்டியே வேண்டாம்.

ஏன் அப்படி நடக்கிறது என்று மட்டும் கேளுங்கள். குதிரைக்காரர் கல்நெஞ்சர் என்கிறீர்கள். நான் பி.காம். படித்தவன், நெஞ்சைப் பற்றி எனக்குத் தெரியாது, கணக்கைப் பார்க்கிறேன். ஒரு குதிரைக்குக் கொள்ளு, தவிடு, புல், லாடம், வைத்தியம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்காரர் குடும்பத்துக்கு 600. கூடக் குறைய இருக்கும், கணக்கு புரிவதற்காகச் சொல்கிறேன். ஆக நாளுக்கு 1,000. வருஷத்துக்கு 3,65,000. கோடியக்கரையில் பறவை வருகிற, கூட்டம் வருகிற நல்ல நாள் வருஷத்தில் 100 என்று போடுவோம். குதிரைக்கு 365 நாளும் பசிக்கும், சீசன் பார்த்துப் பசிக்காது. அப்படியானால் அந்த 100 நாளில் ஒவ்வொரு நாளும் 3,650 ரூபாய் வந்தாக வேண்டும்.

வண்டிச் சத்தம் 500 ரூபாய், ஒரு சுற்று ஒன்றரை மணி நேரம் என்றால்? ஏழு சவாரி போதாது, எட்டாவதுக்கும் பூட்ட வேண்டும். எட்டு சவாரி என்றால் 12 மணி நேரம். நம் நாட்டில் 1965-லேயே பாரம் இழுக்கும் மிருகங்களுக்கென்று விதிகள் போட்டாயிற்று. ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. தொடர்ந்தாற்போல் 5 மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் கூடாது. வெயில் 37 டிகிரியைத் தாண்டினால் பகல் 12 முதல் 3 வரை பூட்டவே கூடாது. வண்டியில் ஓட்டுகிறவரையும் 6 வயசுக்குக் கீழான பிள்ளைகளையும் விட்டுவிட்டு 4 பேர்தான். 500 ரூபாய்க்கு ஓட்டுகிறவர் காலையில் வண்டியைப் பூட்டும்போதே சட்டத்தை மீறக் கிளம்புகிறார். மீறாவிட்டால் அடுப்பு எரியாது.

இதில் நீங்கள் போய் நின்று, '500 ஆ? 400க்கு வருவியா?' என்பீர்கள். நம்ம ஜனங்களுக்கு மல்டிப்ளெக்ஸில் பாப்கார்னுக்குப் பேரம் பேச வராது, குதிரை வண்டிக்காரரிடம் வரும். 400 என்றால் பத்து சவாரி, 15 மணி நேரம். நீங்கள் குறைத்த அந்த 100 ரூபாயை வண்டிக்காரர் கொடுக்கவில்லை, அவரிடம் இல்லை. குதிரைதான் கொடுக்கிறது, தன் காலிலிருந்து. அதே சவாரிக்கு 800 என்று போட்டுப் பாருங்கள். அஞ்சு சவாரி, ஏழரை மணி நேரம், சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 200.

ஆகவே நான் கேட்பது வெறும் குதிரை வண்டி இல்லை. பேரமே பேச முடியாத வண்டி. வாசலில் வனத்துறை கவுன்ட்டரில் பணம் கட்டி டோக்கன் வாங்க வேண்டும். வரிசைப்படி வண்டி வர வேண்டும். ஒரு குதிரைக்கு ஒரு நாளைக்கு இத்தனை டோக்கன்தான், அதற்கு மேல் அந்த நம்பருக்கு விழவே விழாது. நுழைவுக் கட்டணத்திலிருந்து ஒரு பங்கை எடுத்து, சீசன் இல்லாத மாதங்களில் குதிரைக்குத் தீனிப் படியாகக் கொடுக்க வேண்டும். அக்கவுண்டன்சி வகுப்பில் 'ஃபிக்ஸட் காஸ்ட்' என்று சொல்லிக்கொடுத்தார்களே, அது கொட்டடியில் நின்று கனைக்கிற செலவு. அதைத் தினக்கூலிக்காரர் தலையில் கட்டினால், அவர் குதிரை முதுகில்தான் இறக்கி வைப்பார்.

வண்டியை யாருக்குக் கொடுப்பது? வேதாரண்யத்தைச் சுற்றி உப்பளத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். உப்பு வெயிலில் விளைகிற சரக்கு. மழை இறங்கினால் பாத்தி கரைந்துவிடும், வேலை நின்றுவிடும். பறவை வருவதோ மழையை ஒட்டித்தான். உப்பளம் மூடியிருக்கிற மாதங்களில் பாதியாவது காடு கூட்டம் பார்க்கிற மாதங்கள். இந்த ரெண்டையும் முடிச்சுப் போட்டால், மேலே போட்ட கணக்கில் வண்டிக்காரர் குடும்பத்துக்கான 600-இல் ஒரு பகுதியை உப்பு பார்த்துக்கொள்ளும். அப்போது குதிரைக்கு நாளுக்கு நாலே சவாரிகூடப் போதும்.

இப்போது அந்த மட்டக் குதிரைகள். கோடியக்கரைக் காட்டில் திரிகிற குதிரைகளைக் 'காட்டுக் குதிரை' என்று காட்டி போட்டோ எடுக்கிறோம். அவை காட்டுச் சாதி இல்லை. மனுஷனிடம் இருந்த குதிரைகளின் வம்சம், அவிழ்ந்து போய்க் காட்டில் பெருகியது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் வெளிமானுக்கு உரிய புல்லை அவையும் மேய்கின்றன. ஒரு பக்கம் சீமைக் கருவேலம் புல்வெளியை விழுங்குகிறது, மறுபக்கம் குதிரை பங்குக்கு வருகிறது என்று ஆய்வாளர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். தீனி போட முடியாத எஜமானன் கயிற்றை அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். நாளைக்கு என் திட்டத்தில் ஓடுகிற குதிரைக்கு வயசானால், அதுவும் இப்படித்தான் காட்டுக்குள் அவிழ்ந்து போகும் என்று நீங்கள் சொன்னால், அது நியாயமான பயம். எனவே ஒவ்வொரு குதிரைக்கும் எண், அடையாளம், கால்நடை மருத்துவரின் ரத்தப் பரிசோதனை, ராத்திரி காட்டுக்கு வெளியே கொட்டடி, வேலை ஓய்ந்த பிறகு சாகிற வரைக்கும் தீனி. இதற்கும் சேர்த்துத்தான் அந்த 800. இத்தனைக்குப் பிறகும் புதுக் குதிரையால் மானுக்கு நோய் வரும், கூடாது என்று கால்நடை மருத்துவர் சொன்னால் கேட்டுக்கொள்வேன், சைக்கிள் ரிக்‌ஷாவோ பேட்டரி வண்டியோ விடட்டும். காரில் ஏ.சி. போட்டு உட்கார்ந்திருப்பவர் சொன்னால் கேட்க மாட்டேன். ஏனென்றால் அவருக்குக் குதிரை மேல் அக்கறை இல்லை, இறங்க மனசில்லை.

குதிரை லத்தி போடுமே, நாறுமே என்கிற கவலையும் சிலருக்கு உண்டு. அயர்லாந்தில் கில்லார்னி தேசியப் பூங்காவில் இது பெரிய சண்டையாகவே ஆகிவிட்டது. 2009-இல், குதிரைக்குப் பின்னால் லத்தி பிடிக்கிற பை கட்டாயம் என்றார்கள். பரம்பரை வண்டிக்காரர்கள் முடியாது என்றார்கள். கோர்ட், வழக்கு, வாசலில் வாக்குவாதம். ஒரு பைக்கு இத்தனை ரகளை. நமக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம், முதல் நாளிலிருந்தே பையைக் கட்டிவிடலாம், லத்தியைத் தென்னந்தோப்புக்காரர் காசு கொடுத்து வாங்கிக்கொள்வார். புகையை எந்தத் தோப்புக்காரர் வாங்குவார்?

வயசானவர்கள் என்ன செய்வார்கள், நடக்க முடியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டால், வண்டி இருப்பதே அவர்களுக்காகத்தான். ஏறுவதற்கு ஒரு படிக்கட்டு மேடை கட்டினால் போதும்.

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது கோடியக்கரையில் மரங்கள் மொத்தமாகச் சாய்ந்தன. அடித்துக்கொண்டு போன மான்களின் உடல்கள் வடக்கே மிதந்து வந்து எங்கள் காரைக்கால் கடலோரத்தில் ஒதுங்கின. வேறு மாநிலத்துக் காடு, நமக்கென்ன என்று இருந்த எங்கள் ஊர்க்காரர்கள் அன்றைக்குக் கடற்கரைக்குப் போய் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். புயலைத் தடுக்க நம்மால் முடியாது. காரைத் தடுக்க வனத்துறையின் ஓர் உத்தரவும் ஒரு மூங்கில் கழியும் போதும்.

ஜட்காவில் ஏறிப் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு விஷயம். மாயவரம், கும்பகோணம் ரயிலடிகளில் அந்த வண்டிகள் நின்ற காலத்தின் வாலைத்தான் என் தலைமுறை பார்த்தது. ரெண்டு சக்கர வண்டி அது, தராசு மாதிரி. எல்லாரும் முன்னால் நெருக்கினால் பாரம் குதிரை முதுகில் அழுந்தும், பின்னால் சாய்ந்தால் குதிரையைத் தூக்கும். ஏறினவுடன் வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, 'முன்பாரம் ஜாஸ்தி சார்' என்பார். வாதாடாமல் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்காருங்கள்.